கத்திரி பிடித்த கை

அம்மாவின் கருமாதிக்குப் பேனர் அடிக்கத் தம்பி, மலைமேல் இருக்கும் தானா ராத்தா டவுனுக்குப் போயிருந்தான். அச்சுக்கடையில் நின்றபடியே எனக்குப் போன் செய்தான். அம்மாவின் படத்தைக் கொடுத்தாயிற்று, அதற்குக் கீழே போடக் கவிதைதான் பாக்கி.

"நீதான் லா நம்ம வீட்டுக் கவிஞர். சீக்கிரம் அனுப்பு. கடைக்காரன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான்."

கவிஞர் என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எப்போதாவது என் பெயர் வரும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாண வாழ்த்தும் என்னிடம்தான் வரும். அந்தப் பெருமையை நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. அன்றைக்கு அம்மாவுக்காக உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. அழுகைதான் வந்தது. கடைசியில் கைப்பேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம் கேட்டேன். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அம்மா, இறந்துவிட்டார், படிப்பவர்கள் அழ வேண்டும். கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புவதுபோலச் சொன்னேன். உடனே வந்து விழுந்தது.

'கொழுந்து கிள்ளிய விரல்களால் எங்கள் கவலையையும் கிள்ளி எறிந்தவளே' என்று தொடங்கியது. இரண்டு முறை படித்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

கருமாதியன்று எல்லோரும் பேனருக்கு முன்னால் நின்று அழுதார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்காவ அப்படியே கொண்டாந்து நிறுத்திட்ட" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அப்பா மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினார்.

"கிள்ளுனாளா? உங்கம்மா கத்திரியிலதானம்மா வெட்டுனா."

உண்மைதான். எங்கள் மலையில் விரலால் கிள்ளியா மாளும்? தட்டுப் பொருத்திய பெரிய கத்திரியால் வெட்டி, நிறைந்ததும் முதுகுக் கூடையில் கொட்டுவார்கள். அம்மாவுக்குக் கட்டைவிரலின் அடியில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் போட்ட கீரையைக்கூடக் கத்திரியால்தான் வெட்டுவார். "இங்கயும் வேலையா? கிராணி இதுக்கெல்லாம் பேர் போட்டுக் கூலி எழுதமாட்டாரு லா" என்று அப்பா கிண்டல் செய்வார். இதெல்லாம் இயந்திரத்துக்குத் தெரியாது, அதன்மேல் குற்றமில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள் நான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. "கவிதையில அப்படித்தாம்ப்பா எழுதுவாங்க" என்றேன். அப்பா தலையாட்டினார்.

பேனர் இப்போது வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போன வாரம், கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் அப்பாவின் சிநேகிதர் வந்திருந்தார். அடுப்படியில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கிள்ளிக் கிள்ளி அவ விரல் நுனியெல்லாம் எப்பவும் பச்சையா இருக்கும் லா."

இது பேனரிலும் இல்லை. அப்பாவே பார்த்ததுபோலச் சொல்கிறார். கலக்குவதை நிறுத்திவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

சிநேகிதர் போனதும் அப்பாவின் அருகில் உட்கார்ந்தேன். "அப்பா, அம்மா கத்திரியிலதானே வெட்டுனாங்க?"

அப்பா பேனரைப் பார்த்தார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"நானும் அப்படித்தாம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ யோசிக்காமயா எழுதியிருப்ப?"