சாக்கில் கட்டிய கருவிகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருடம் லேத் ஓட்டிய என்னைப் போனில் ஒரே வரி அனுப்பி நிறுத்தினார்கள். நாளையிலிருந்து வர வேண்டாமாம். நான் குடியிருக்கும் சேக்காட்டில் செய்தி பரவ எவ்வளவு நேரம்? சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, சாக் பண்ட்டாங்களாமே?"

ஆமாம் என்றேன். ஆனால் மூட்டை என்று பொருள்படும் அந்த இங்கிலீஷ் 'சாக்' மனதை உறுத்தியது. மூட்டைக்கும் என் வேலைக்கும் என்னய்யா சம்பந்தம்?

போனிலேயே தேடிப் படித்தேன். எபிரேயத்தில் முரட்டுத் துணிக்கு இருந்த பெயராம். கிரேக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் பையாகியிருக்கிறது. நம்முடைய சாக்கும் ஐரோப்பியரோடு கப்பலேறி வந்ததுதான் என்கிறார்கள். ஊரைக் கொள்ளையடிப்பதற்கும் அதே சொல். அள்ளியதைப் போட மூட்டை வேண்டுமே! வேலையை விட்டு அனுப்புவதற்கு அது வந்த கதைதான் என்னை உலுக்கியது. அந்தக் காலத்துத் தொழிலாளி தன் கருவிகளைத் தானே மூட்டையில் கொண்டுவருவானாம். வேண்டாம் என்றால் முதலாளி அந்த மூட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவாராம்.

எனக்குச் சுரீர் என்றது. அளவு பார்க்கும் என் மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் எல்லாம் கம்பெனி லாக்கரில் கிடந்தன. நானே பார்த்துப் பார்த்து வாங்கியவை. அவை இல்லாமல் வேறு பட்டறையில் போய் நின்றால் யார் மதிப்பார்கள்?

மறுநாள் கம்பெனி கேட்டுக்குப் போனேன். மேனேஜர் கழுவுற மீனில் நழுவுற மீன். நானாகவே விலகுவதாக எழுதிய தாளை நீட்டினார்.

"கையெழுத்தப் போடு, உன் சாமானை எடுத்துனு போ."

"நானா போகல சார். நீங்கதான் அனுப்பிட்டீங்க. போட மாட்டேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். என் மனைவிக்குத் திட்டுவதற்கும் வேதாகமம்தான்.

"இன்னா, சாக்குத் துணி கட்டிகினு சாம்பல்ல உக்காரப் போறியா? எந்திரி. நானும் வரேன்." காலி அரிசிச் சாக்கு ஒன்றை உதறி மடித்து எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கேட்டுக்கு எதிரே நின்றோம். ஷிப்ட் மாறும்போது கேட்டவர்களுக்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் நடந்ததைச் சொன்னோம். மூன்றாம் நாள் மேனேஜருக்கே கூச்சமாகிவிட்டது. தாள் எதுவும் இல்லாமல் செக்யூரிட்டியிடம் கருவிகளைக் கொடுத்தனுப்பினார்.

"அவரே வந்து கையில குடுக்கட்டும்" என்றேன்.

வந்தார். கொடுத்தார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சாக்கில் கட்டினேன். கண்ணீர் வந்தது. கோபத்தில் வந்த கண்ணீர், துடைக்கவில்லை.

மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஆவடிப் பக்கம் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனேன்.

"ஏம்ப்பா அங்கேருந்து நின்னுட்ட?" என்றார் அந்த முதலாளி.

"நான் நிக்கல சார். நிறுத்திட்டாங்க."

அவர் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லேத்து அந்தாண்ட கீது" என்றார்.