நெய்ப்பந்தம் பிடித்தது யார் என்று கேட்ட வக்கீல்

வக்கீல் சிதம்பரநாதன் இறந்த செய்தி வந்தபோது நான் திருவரங்குளம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய குமாஸ்தா சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "டீச்சரம்மா, ஐயா காலையில தவறிட்டாங்க" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் கணவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், இவர் போய்விட்டாரே என்ற கோபம். அஞ்சலியில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்பார்கள். அவரை அறிந்த உங்களிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

என்னைக் கட்டியவர் ஏழு வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு பெண் பிள்ளையும் பிறந்த பிறகு, வேறொருத்திக்குத் தாலி கட்டிக் கூட்டி வந்தார். இரண்டாம் கல்யாணம் செல்லாது என்று சட்டம் வந்துவிட்ட காலம் அது. தப்பிக்க அவரும் என் மாமியாரும் கண்டுபிடித்த வழி, நான் மனைவியே இல்லை என்பது. வீட்டு வேலைக்கு வந்தவளாம். என்னைப் பெற்றவர்கள் அப்போது உயிரோடு இல்லை. கல்யாணம் நடந்தது என் கணவர் வீட்டு முற்றத்தில். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய பங்காளிகள், அவர் நிலத்தில் உழுதவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலைக்காரி என்ற பேரை நான் சுமந்துவிடுவேன். என் மகள் கமலா தகப்பன் பேர் இல்லாத பிள்ளையாக வளர்வதை என்னால் தாங்க முடியவில்லை.

பிள்ளையோடு புதுக்கோட்டைக்கு வந்து, சித்தி வீட்டில் தங்கி, வக்கீல் தேடினேன். முதல் வக்கீல், "அனுசரிச்சுப் போம்மா, அவரு ஆம்பள" என்றார். இரண்டாமவர் என் கதையைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுவாரம் போனபோது என் கணவரின் வில்வண்டி அவர் வாசலில் நின்றது. நான் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரிந்துகொண்டு அப்படியே திரும்பினேன். அந்த இருவர் பேரையும் இங்கே எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று அவர்கள் நினைக்க வேண்டாம்.

மூன்றாவதாகப் போன இடம் சிதம்பரநாதன் ஐயா வீடு. முழங்கையில் கிழிந்த கறுப்புக் கோட்டு, கையில் பொடி டப்பா. என் கண்ணீரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கணவர் வீட்டில் வயதானவர்கள் யார், அவருக்கு உடன்பிறப்பு உண்டா, புதிதாக வந்தவளுக்குப் பிள்ளை உண்டா, நல்லது கெட்டதில் அந்த வீட்டு முறை என்ன என்று துருவினார். வம்பு பேசும் மனிதர் என்றே நினைத்தேன்.

"அவன் ஜெயிலுக்குப் போகணுங்க. அவன் ஆத்தா அதப் பாக்கணும்" என்றேன்.

"அந்தக் கோவத்த கோர்ட்டுக்குக் கொண்டாராதீங்க. அங்க அது செல்லாது. வீட்டுல பத்திரமா வச்சிருங்க" என்றார்.

நான் மனைவி, கமலா அவர் பிள்ளை என்று தீர்ப்புக் கேட்டு வழக்குப் போட்டார். பிறகு செய்ததெல்லாம் வாய்தா வாங்கியதுதான். ஒன்றரை வருஷம் வாய்தா மேல் வாய்தா. இவரையும் அங்கிட்டு வாங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, ஒருநாள் நேரிலேயே கேட்டேன், சத்தமாக. அவர் பொடியை உறிஞ்சிவிட்டு, "உங்க வீட்டுக்காரரு வாய் பொய் சொல்லும்மா. வீட்டு முறையில அவரால பொய் சொல்ல முடியாது. நல்லதோ கெட்டதோ, ஒண்ணு வரட்டும்" என்றார்.

வந்தது. மாமியார் இறந்தாள். வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். துக்கம் சொல்ல வந்த ஆள் தயங்கித் தயங்கி, "பிள்ளைய மட்டும் அனுப்பச் சொன்னாக" என்றான். எங்கள் பக்கத்தில் தாத்தா, அப்பத்தா இறந்தால் பேரப்பிள்ளைகள்தான் நெய்ப்பந்தம் பிடித்து உடலைச் சுற்றி வர வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. ஒரே மகனுடைய ஒரே பிள்ளை கமலா. பந்தம் பிடிக்க ஆளில்லாமல் மாமியார் போகட்டும் என்று நினைக்கவே எனக்கு வாய் இனித்தது. வக்கீல் வீட்டுக்கு ஓடினேன்.

"அனுப்புங்க" என்றார்.

"என்னைய வேலைக்காரின்னவளுக்கு என் மக பந்தம் பிடிக்கணுமா?"

"பிடிக்கட்டும்மா. ஊரு கூடி நிக்கையில பிடிக்கட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு நானே கூட்டிப் போனேன். பந்தல் ஓரத்தில் நின்று பார்த்தேன். என் கணவர் தன் கையாலேயே பந்தத்தைக் கொளுத்தி, எட்டு வயசுப் பிள்ளையின் கையில் கொடுத்து, அவள் தோளைப் பிடித்துச் சுற்றி வரச் செய்தார். தாயின் மேல் இருந்த பாசத்தில் அவருக்கு வழக்கு மறந்தே போயிற்று.

அடுத்த வாய்தாவுக்குப் பங்காளிகள் பெஞ்சு நிறைய வந்திருந்தார்கள், எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல. கூண்டில் ஏறிய என் கணவரிடம் ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க தாயாருக்கு நெய்ப்பந்தம் பிடிச்சது யாருங்க?"

யாரும் பிடிக்கவில்லை என்றால் பெற்றவளை அநாதைப் பிணமாக அனுப்பியவர் ஆவார். அதுவும் கண்ணால் பார்த்த பங்காளிகள் முன்னால். வேலைக்காரி மகள் என்றால் அதைவிடக் கேவலம். தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "எம் மக" என்றார். அந்தக் குனிந்த தலையை இன்றைக்கும் நான் நினைத்து நினைத்துப் பார்ப்பதுண்டு.

நான் கேட்டபடியே தீர்ப்பு வந்த அன்று, கோர்ட்டு வாசல் டீக்கடையில் ஐயா என்னிடம், "எனக்கும் சந்தோசமாத்தான் இருக்கு. வெளிய சொல்லிராதீங்க" என்றார். இத்தனை வருஷம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கமலா தகப்பன் பேரின் தலைப்பெழுத்தோடு பள்ளிப்படிப்பை முடித்தாள். கல்யாணமும் ஆகி, அவளுக்கு இரண்டு வயசில் ஒரு மகன் இருக்கிறான். இரண்டாம் மனைவிக்குக் கடைசிவரை பிள்ளை இல்லை. போன மாசம் என் கணவர் படுக்கையில் விழுந்தார். பங்காளி ஒருவர் என்னைத் தேடி வந்து, "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பந்தம் பிடிக்கப் பேரனக் கூட்டியாரணும். நீங்க ஒரு வார்த்த சொன்னா அவரு நிம்மதியாக் கண்ண மூடுவாரு" என்றார்.

கமலா என் முகத்தைப் பார்த்தாள். நான் வந்தவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, ஐயாவிடம் கற்றுக்கொண்டு இன்றுவரை வைத்திருக்கும் ஒரே வித்தையை எடுத்தேன்.

"பதில் சொல்ல எனக்கு வாய்தா வேணும்னு சொல்லுங்க" என்றேன்.