தாழ்கிற இறக்கையின் பக்கம்

கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தரையில் நின்றபடியே சின்ன விமானத்தை ஆகாயத்தில் தலைகீழாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு, தானே ஏறி உட்கார்ந்து ஓட்டும் விமானம் எளிதாக இருக்குமா, அல்லது மற்றவர்களைவிட அவருக்குத்தான் அது ஆபத்தா? சில மாதங்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் பௌதிகம் படித்தவள்தான் நான். ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

என் கணவர் எஞ்சினியர். வீடு மாட்டுங்காவில். மாமியார், நாங்கள் இருவர், இன்னும் பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் குழந்தை. பயிற்சிக்காக வெளிநாடு போய்த் திரும்பியபோது அவர் எனக்கு ஒரு கம்பளிச் சட்டையும் தனக்கு ஒரு ரேடியோப் பெட்டியும் வாங்கி வந்தார். பெட்டியில் உள்ள குச்சிகளை அசைத்தால் தூரத்தில் பறக்கும் விமானத்தின் வாலும் இறக்கையும் அதன்படி அசையும். விமானத்தை அவரே செய்தார். கூடத்தில் பல மாதங்கள் பசை நெடி. சக்கரங்களைத் தாங்கும் கம்பியை மட்டும் தாராவியில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர், திருநெல்வேலிக்காரர், வளைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூரைத் தாண்டி ஒரு வெட்டவெளிக்குப் போவோம். அந்தச் சின்ன விமானம் செங்குத்தாக ஏறும், குட்டிக்கரணம் அடிக்கும், மல்லாந்துகொண்டே மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்.

"என்ன அய்யரே, மல்லாக்கப் போவுது! உள்ள ஆளு இருந்தா நேத்துத் தின்ன சோறும் வெளிய வந்துரும்லா?" என்பார் பட்டறை நண்பர்.

"ஆளே இல்லையே பாய். அதனாலதான் போறது."

"அப்ப தங்கச்சிய ஏத்தி விடும். ஒரு வாரத்துக்கு உம்ம ஒண்ணும் கேக்காது."

"முதல்ல உங்களை ஏத்தி விட்டுப் பார்க்கறோம் அண்ணா" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். அப்போதெல்லாம் என்னால் சிரிக்க முடிந்தது.

ஒருநாள் பெட்டியை என் கையில் கொடுத்துக் கற்றுத் தந்தார். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது குச்சியை இடது பக்கம் தள்ளினால் அது நமக்கும் இடது பக்கமே திரும்பும். திரும்பி நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். அதன் இடது நமக்கு வலது. புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் விமானத்தை உடைப்பார்களாம். "அதுக்கு ஒரு வழி இருக்கு. எதிர வரும்போது எந்த இறக்கை தாழறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு. விழற பந்தலுக்கு முட்டுக் கொடுக்கற மாதிரி. நிமிர்ந்துடும்" என்றார். நான் யோசித்து முடிப்பதற்குள் விமானம் சாய்ந்துவிட்டது. அவர் பெட்டியை வாங்கி நிமிர்த்தினார். அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. விரல் தானாகவே போனது.

ஒருமுறை ரேடியோ ஏதோ காரணத்தால் அடங்கிப்போய், விமானம் மூக்கு குத்தி விழுந்தது. ஓடிப்போய்ச் சில்லுகளைப் பொறுக்கி ஒரு கோணிப்பையில் போட்டோம். "உள்ளே இருந்த மாமா எங்கேம்மா?" என்று குழந்தை கேட்டாள். யாரும் இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பையை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர் வேறொரு சின்ன விமானம் செய்துவிட்டார். ஆனால் அதற்குள் அவருக்கு இன்னோர் ஆசை வந்துவிட்டது: ஒரு கிளப்பில் சேர்ந்து நிஜ விமானம் ஓட்டக் கற்பது. சேர்ந்தும்விட்டார். மாமியாரிடம் சொல்லவில்லை. வழக்கம்போல மைதானத்துக்குப் போவதாகவே அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். "போகட்டும்டீ. சீட்டாடப் போறவா இருக்கா, குதிரை மேல பணம் கட்டப் போறவா இருக்கா. இவன் பொம்மைதானே விடறான்?" என்று எனக்கே சமாதானம் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு காய் நறுக்குவேன்.

நானும் அவரைக் கேள்வி கேட்காமல் இல்லை. சின்னது செய்வதையெல்லாம் பெரியது செய்யுமா என்றேன். "செய்யாது" என்றார் உடனே. "எறும்பு மாடியிலேர்ந்து விழுந்தா எழுந்து நடந்துடும். யானை விழுந்தா? சின்னதுக்கு எடைக்கு மேல பலம். பெரிசு அப்படி நட்டுக்குத்தலா ஏற முடியாது. குட்டிக்கரணம் அடிக்கணும்னா முதல்ல கீழ பாய்ஞ்சு வேகம் சேர்த்துக்கணும். நாங்க கத்துக்கற பழைய விமானம் மல்லாந்தா பெட்ரோல் சரியா வராம எஞ்சின் இருமும். நடுவுல மனுஷன் வேற இருக்கான். வெடுக்குனு இழுத்தா ரத்தம் காலுக்கு இறங்கிக் கண்ணை இருட்டும்." பிறகு குரல் மாறியது. "ஆனா ஒண்ணு. மாடல்ல எனக்குக் கண்ணு மட்டும்தான். இதுல முதுகே சொல்லிடறது, வண்டி எப்படிப் போறதுன்னு." அவர் சொன்னதையெல்லாம் மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். பௌதிகத்தில் பிழை இல்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

போன மாதம் ஒருநாள் கிளப்பிலிருந்து வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னிக்கு ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னன்னா?"

"கரணம் முடிஞ்சு வெளிய வரும்போது இடது இறக்கை தாழ்ந்தது. திரும்பி அதைப் பார்த்தேனா, இடது பக்கமே தள்ளிட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. உள்ளே உட்கார்ந்திருப்பவர் எதிர்ப்பக்கம் அல்லவா தள்ள வேண்டும்? முட்டுக் கொடுப்பது கீழே நின்று பார்ப்பவருக்கான வழி. விமானம் இன்னும் சாய்ந்து, புரண்டு, மூக்கைக் கீழே போட்டுவிட்டது. முன்சீட்டில் இருந்த ஆசிரியர் "சோடோ! ஹாத் சோடோ!" என்று கத்தியிருக்கிறார். இவர் கையை எடுத்த பிறகு அவர் நிமிர்த்திவிட்டார். உயரம் போதிய அளவு இருந்தது.

"இறங்கினப்புறம் சிரிச்சார். 'நன்னாத்தான் ஓட்டறே. ஆனா கீழ நின்னுண்டு ஓட்டறே'ன்னார்." இவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

கொஞ்சநாள் பொம்மை விமானத்தைத் தொடாதே என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறே இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஒரு தடவை நடந்ததுதானே? இனிமே ஜாக்கிரதையா இருப்பேன்" என்றார். ஜாக்கிரதை மனத்தில் இருக்கும், விரலில் இருக்குமா?

இப்போது விஷயம் இதுதான். இன்னும் சில வாரங்களில் அவரைத் தனியாக அனுப்பப் போகிறார்கள். முன்சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். "நீ வேண்டாம்னா நான் போகலை. மனசாரத்தான் சொல்றேன்" என்று என்னிடம் விட்டுவிட்டார். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேண்டாம் என்று பலமுறை வாய்வரை வந்துவிட்டது. அப்போதெல்லாம், முதல்முறை பறந்துவிட்டு வந்த அன்று குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு, மேலிருந்து உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளாகத் தெரிந்ததை அவர் சொன்ன முகம் நினைவுக்கு வருகிறது. கல்யாணமாகி அதற்கு முன் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதிலிருந்த வெளிச்சத்தை அணைத்துவிட்டு அதே வீட்டில் எப்படி இருப்பேன்? போகட்டும் என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால், ஒன்றும் தெரியாத அம்மாவிடம் என்ன சொல்வேன்? வளர்ந்தபின் என் பெண் கேட்டால்?

இதைப் படிப்பவர்களில் விமானம் ஓட்டுகிறவர்களோ அவர்களுடைய மனைவியரோ தாயாரோ இருந்தால் எனக்கு எழுதுங்கள். விரலில் ஏறிய பழக்கம் இறங்குமா? பெட்டியைப் பூட்டி வைத்தால் போதுமா, எத்தனை நாள் வைக்க வேண்டும்? இல்லை, போகவே வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? அவர் அவசரப்படுத்தவில்லை. தினமும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது என் முகத்தை ஒருமுறை பார்க்கிறார், அவ்வளவுதான்.