மாந்தலே போன மாட்டிறைச்சி

பபேடான் பேட்டை டீக்கடைப் பலகையில் இதை ஒட்டுவது, இன்று என் விருந்துக்கு வந்து ஊறுகாயும் சோறும் தின்ற மூவருக்காக.

அடுப்பருகே நிற்காமலே மாட்டிறைச்சி சமைப்பேன் என்று சவடால் அடித்தவன் நான்தான். காலையில் சட்டியை ஒரு கொதி விட்டு, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் இறக்கினேன். சூடு போகாமலிருக்க மூடியில் ஆணி அடித்தேன். மாலைக்குள் தானாக வெந்துவிடும். அறையில் இடமில்லாததால் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் சோறு வடித்தாயிற்று. விருந்தாளிகளும் வந்தாயிற்று. பெட்டியைத்தான் காணோம்.

எங்கள் கிடங்குக்கு வண்டி ஓட்டும் கீழ்வீட்டு முனியாண்டியைக் கேட்டேன்.

“போட்டாதாங் கப்பல் துறையில ஏத்தி விட்டுட்டேனே பாய். மூடியில ‘மாந்தலே, கவிழ்க்காதே’ன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? உங்க எழுத்தப் பாத்துட்டு அங்க யாரும் ஒண்ணும் கேக்கல.”

பத்து வருடமாகக் கிடங்கில் பெட்டிகளுக்கு விலாசம் எழுதும் கை. ஆணி அடித்ததும் தானாகவே மையைத் தொட்டிருக்கிறது.

“கப்பல்?”

“மத்தியானமே போயிருச்சு.”

ஊறுகாய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, மூவரில் மூத்தவரான சுல்தான் காக்கா சொன்னார்: “ரொம்ப லேசான சமையல்தான் தம்பி.”

பெட்டி போய்ச் சேர ஒரு வாரமாகும். மாந்தலேயில் சொந்தக்காரர் உள்ளவர்கள் உடனே தந்தி அடியுங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு திறக்கச் சொல்லி.