ரிம்மில் தடவிய எண்ணெய்

சுங்குவார்சத்திரத்து லில்லி எழுதுகிறேன். சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் 'நான் ஒன்றுமில்லாதவள், வெறும் தூசி' என்று தொடங்குவது நம்மிடையே வழக்கம். எனக்கு அது வராது. 1991-ஆம் வருஷம் பிப்ரவரியில் நான் நிஜமாகவே தூசியில்தான் கிடந்தேன். நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரத்தடியில், இடது கால் எலும்பு முறிந்து, பக்கத்தில் என் சைக்கிள் நசுங்கிக் கிடக்க. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சைக்கிள் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து பிராக்டிஸ் முடித்துத் திரும்பும்போது பின்னால் ஒரு ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்கினேன். ஒதுங்கியது போதவில்லை. லாரியின் பக்கவாட்டுக் கொக்கி ஹேண்டில்பாரில் மாட்டி இழுத்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டார்கள். நடந்துவிடலாம், கொஞ்சம் சாய்ந்து நடப்பாய், சைக்கிளைப் பற்றி இப்போது என்னைக் கேட்காதே என்றார் டாக்டர்.

கால் வலியைப் பொறுத்துக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் சபையின் மூப்பர் கட்டிலருகே நின்று கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் என் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம அரை டவுசர் போட்டுக்கினு சபை வாசல் வழியா போவுது உன் பொண்ணு. தேவன் எத்தினி நாளு பொறுத்துக்கினு இருப்பாரு?"

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழக்கடை வைத்திருந்த அப்பா, யாரிடமும் பேச்சில் தோற்காதவர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதார். நான் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வீடு வந்து சேருவதற்கு முன்பே 'லில்லியைத் தேவன் அடித்தார்' என்ற பேச்சு வீடு வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய் எனக்காக வேண்டிக்கொண்டு விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். அம்மா அதை வாங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லாமல், அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். உதடு அசையவில்லை. அடித்தவரிடமே போய் மருந்து போடச் சொல்லி நிற்பதா என்றிருந்தது. ஒருநாள் மத்தியானம், ஷீட் கூரை காய்ந்து உடம்பெல்லாம் வேர்வை, மாவுக்கட்டுக்குள் அரிப்பு. அப்போது வாய்விட்டே சண்டை போட்டேன். 'தண்டனை என்றால் நேராக என்னிடம் சொல்லும். மூப்பரிடம் சொல்லி அனுப்பாதேயும். தண்டனை இல்லை என்றால் எனக்கு முதலிடம் கொடும். வருஷக் கடைசியில் தேசிய சாம்பியன்ஷிப் ரோடு ரேஸ் எங்கள் ரோட்டிலேயே நடக்கப் போகிறதாம். அதில் முதலிடம்.'

'உமக்குச் சித்தமானால்' என்று சேர்க்கவில்லை. சேர்த்தால் அவர் நழுவிப் போக நானே கதவைத் திறந்துவிட்டது போலாகும். எங்கள் பாஸ்டர் நல்லவர். விஷயம் கேள்விப்பட்டு, ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்கக் கூடாதும்மா, நல்லபடியாகப் பங்கெடுக்க வேண்டும் என்று ஜெபி என்றார். பங்கெடுக்கிறதற்கு யாரும் ரேஸ் ஓட்டுவதில்லை ஐயா என்றேன்.

மே மாதம் கட்டைப் பிரித்தார்கள். ஸ்ரீபெரும்புதூரை நாடே திரும்பிப் பார்த்த மாதம் அது. ஜூலையில் நான் மறுபடி சைக்கிள் ஏறியபோதும் ரோட்டில் செக்கிங் ஓயவில்லை. விடியற்காலையில் அரை டவுசரில் ஒரு பெண் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறாள் என்று தினமும் யாராவது நிறுத்திக் கேட்டார்கள். அதற்காகவே கோச் செல்வம் அண்ணன் ஸ்கூட்டரில் கூட வருவார். பழைய ரேஸ்காரர், பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. சைக்கிள் சங்கத்தில் பேசி எனக்கு ஒரு ரேஸ் சைக்கிளை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கால் தேறிவிட்டது. நான் தேறவில்லை. பின்னால் ஹாரன் கேட்டால் போதும், விரல் தானாகப் போய் பிரேக்கைப் பிடிக்கும். ரேஸில் எல்லோரும் கூட்டமாகத்தான் போவார்கள். முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்குச் சுலபம். நான் எப்போதும் கூட்டத்தின் வாலில் ஒளிந்துகொண்டேன். தனியாக முன்னால் போக ஒருநாளும் துணியவில்லை.

"பிரேக்கப் புடிச்சிக்கினே ஓட்றதுக்கு ரேஸ் சைக்கிள் இன்னாத்துக்கு? ரிக்‌ஷா போதும்" என்பார் செல்வம் அண்ணன்.

அப்பாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். இந்த ஒரு ரேஸ். முதலிடம் வராவிட்டால் சைக்கிளைச் சங்கத்தில் விட்டுவிட்டு அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவேன். அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோற்றால் மூப்பர் சொன்னது சரி என்றாகிவிடும். என்னைப் படைத்தவரே என் காலை உடைத்தார் என்ற நினைப்போடு நான் சாகிறவரை வாழ வேண்டியிருக்கும்.

டிசம்பரில் ரேஸ் வந்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சுங்குவார்சத்திரத்தில் கிளம்பி வாலாஜாபாத் ரோட்டில் போய், ஊருக்கு முன்னால் நடுரோட்டில் வைத்திருக்கும் டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். சத்திரத்திலும் ஒரு டிரம். இப்படி இரண்டு முறை போய் வந்து சத்திரத்திலேயே முடிக்க வேண்டும். வெளி மாநிலப் பெண்கள் பளபளக்கும் சைக்கிள்களோடு, கூடவே மெக்கானிக்குகளோடு வந்திருந்தார்கள்.

அத்தனை மாதமும் அம்மா என் சைக்கிளைத் தொட்டதில்லை. வீடு பெருக்கும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போவார். அன்றைக்கு ஆராதனைக்குப் போகிற வெள்ளைப் புடவையில், முக்காட்டோடு, நேராக ரேஸ் கிளம்பும் இடத்துக்கு வந்து நின்றார். கையில் ஜெபித்த எண்ணெய் பாட்டில். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் நெற்றியில் எண்ணெய், புது வாசற்கால் என்றால் அதில் எண்ணெய், பசு ஈனாவிட்டாலும் எண்ணெய். என்னை நம்பர் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அம்மா சைக்கிள் பக்கத்திலிருந்து எழுந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். என் தலையில் கை வைத்தார்.

"போய்ட்டு வாம்மா. நானும் கேட்டுக்கீறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எதையும் கவனிக்கவில்லை. விசில் ஊதினார்கள், கிளம்பிவிட்டேன்.

வாலாஜாபாத் பக்கத்து டிரம் நெருங்கியது. கூட்டம் மொத்தமும் பிரேக் பிடித்தது. நானும் பிடித்தேன். லீவர் ஹேண்டில்வரை வந்தது, சைக்கிள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பிடித்தேன், அதுவும் அப்படியே. முன்னால் இருந்த பெண்ணின் சக்கரத்தில் ஏறப்போகிற நேரத்தில் இடது பக்கம் ஒடித்தேன். டிரம்மைத் தாண்டி, தாரை விட்டு இறங்கி, மணலில் புதைந்து நின்றேன். கூட்டம் திரும்பிப் போய்விட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

ரிம்மைத் தொட்டேன். வழுக்கியது. விரலை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். அம்மா!

சட்டைக் கையால் துடைத்தேன். பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறியிருந்தன, துடைத்து ஒன்றும் ஆகவில்லை. முதலிடம் கேட்டேன், எண்ணெயைக் கொடுத்திருக்கிறீரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபமாக மிதித்ததில்லை. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போயிருப்பார்கள் போல. சத்திரம் வருவதற்குள் வாலைப் பிடித்துவிட்டேன்.

பிடித்த பிறகுதான் உறைத்தது. அடுத்த டிரம் வரப் போகிறது. பிரேக் இல்லாமல் கூட்டத்துக்குள் போனால் நாலைந்து பேரைத் தள்ளிவிடுவேன். இடைவெளி விட்டு வந்தால் மறுபடி பின்தங்குவேன், மறுபடி துரத்தக் காலில் தெம்பில்லை. பிரேக் இல்லாத சைக்கிளுக்கு ரோட்டில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. எல்லோருக்கும் முன்னால், தனியாக, ரோடு முழுவதும் தனக்கே என்று.

'ஆண்டவரே, இதுவா?' என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டு வலது ஓரமாக எழுந்து மிதித்து அவர்களைத் தாண்டினேன்.

யாரும் பின்னால் வரவில்லை. சற்று முன்புதான் நான் மணலில் புதைந்ததைப் பார்த்திருந்தார்கள். பைத்தியம், அடுத்த டிரம்மிலும் விழுந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். டிரம் வருவதற்கு வெகு முன்பே மிதிப்பதை நிறுத்தி, ஷூவின் அடியைத் தாரில் தேய்த்து, ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வளைத்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். திரும்பிவிட்டேன். விழவில்லை.

மறுபடி வாலாஜாபாத் ரோடு. ரேஸுக்காக நிறுத்தி வைத்திருந்த லாரிகள் ஓரமாக வரிசை கட்டி நின்றன. உள்ளூர்ப் பெண் தனியாக வருகிறாள் என்று டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். வழக்கம்போல என் விரல்கள் பிரேக்குக்கு ஓடின. பிடித்துப் பயனில்லை. அடுத்த லாரி அடித்தது, மறுபடி ஓடின. கொஞ்ச தூரத்தில் அவை ஓடுவதை விட்டுவிட்டன. பயம் எந்த இடத்தில் என்னை விட்டு இறங்கியது என்று எனக்குத் தெரியாது. பிப்ரவரியிலிருந்து என் மேல் உட்கார்ந்திருந்தது, அன்றைக்கு இல்லை. அழுதுகொண்டே மிதித்தேன், ஆனால் அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

கடைசி டிரம்மை வளைத்துத் திரும்பும்போது கூட்டம் எதிரே வந்தது. இப்போது அவர்கள் விளையாடவில்லை, துரத்தினார்கள். எதிர்காற்று வேறு. உடைந்த கால் விண்விண் என்று தெறித்தது. ஜெபிக்கப் பெரிய வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. 'கொடும், கொடும்' என்று மிதிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோட்டைத் தாண்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

ஜெயித்துவிட்டேன், ஆனால் நிற்க முடியவில்லை. கைதட்டியவர்களை, மாலையோடு நின்றவர்களை எல்லாம் தாண்டி சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், கடையை விட்டு ஓடிவந்த அப்பா இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். நின்ற பிறகும் அவர் ஹேண்டில்பாரை விடவில்லை.

செல்வம் அண்ணன் ரிம்மைத் தொட்டார், மோந்தார், அம்மாவைப் பார்த்தார்.

"சுத்தறது அதுதான? அதான் அதுல நல்லா தடவுனேன். ரெண்டு பக்கமும்" என்றார் அம்மா.

செல்வம் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தற்செயல், எண்ணெய் தடவியதால் நடந்த கோளாறு என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். அவர்களில் யாரும் அன்றைக்கு அந்த சைக்கிள் மேல் இல்லை.

சாயந்திரம் மூப்பர் வீட்டுக்கு வந்தார். எல்லாம் தேவ சித்தம் என்றார்.

"அப்போ பிப்ரவரில அடிச்சது யாரு மூப்பரே?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லாரி டிரைவரு" என்றேன். அம்மா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னேன். எங்கள் சபையில் யாரும் நகை போடுவதில்லை. ஞானஸ்நானத்தின்போது கம்மலைக் கழற்றிய அம்மாவின் காதோட்டைகள் எப்போதோ தூர்ந்துவிட்டன. ரேஸில் கொடுத்த பதக்கம் அசல் தங்கம் இல்லை, பூச்சுதான். ஆனாலும் நிறம் தங்க நிறம். சாட்சி முடிந்ததும் நேராக நடந்துபோய் அதை அம்மாவின் கழுத்தில் போட்டேன். மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டைச் சரிசெய்தார், கை கழுத்துக்குப் போகவில்லை. ஆசீர்வாத ஜெபம் முடியும்வரை போட்டிருந்தார். அப்படியே பஸ் ஸ்டாண்டு வழியாக வீட்டுக்கு நடந்தார்.

இப்போது அந்த ரோட்டில் பெண்களுக்கு நான் ரேஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஷிஃப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, நாங்கள் எங்கள் ஓரத்தில் போகிறோம். பிரியமானவர்களே, உங்களுக்கு வந்த அடியைப் பார்த்து இது தண்டனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேராக அவரிடமே போய்ச் சண்டை போடுங்கள். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், எனக்குத் தெரியும். கேட்டது வேறு உருவத்தில் வந்து கையைக் கட்டிப்போட்டாலும் இறங்கிவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு ரேஸுக்கும் அம்மா பாட்டிலோடு வந்துவிடுகிறார். பெண்கள் பயந்துபோய் என்னைப் பார்க்கிறார்கள். நான் சைக்கிள் சீட்டைக் காட்டுகிறேன். அம்மா சீட்டில் தடவிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து ரிம்மையும் ஒரு பார்வை பார்க்கிறார்.