மலையைப் பார்த்த ஸ்பீக்கர்

உத்தமபாளையத்தில் எங்கள் தெரு மாரியம்மன் திருவிழாவுக்கு மைக்செட் கட்ட வந்தவர் அவர். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, காதிடுக்கில் எந்நேரமும் ஒரு டெஸ்டர். ஏணியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வாய்த்தது.

மூன்று குழாய் ஸ்பீக்கர்களைத் தெருவைப் பார்த்துக் கட்டியவர், நான்காவதை வீடே இல்லாத மலைப் பக்கம் திருப்பினார்.

"அங்கன யாருண்ணே இருக்கா?" என்றேன்.

ஏணியில் நின்றபடியே சொன்னார். "இங்கன கொட்டடிச்சுக் கூப்பிட்டாத்தான் ஆத்தா எறங்கி வரும்ங்கிறாக. பள்ளிவாசல்ல, அல்லாவைக் கூப்பிடவா ஸ்பீக்கருன்னு கேட்டேன். நீ மனசுல நெனைக்கிறதே அல்லாவுக்குத் தெரியும், ஸ்பீக்கரு ஆளுகளுக்குத்தான்னாக. சர்ச்சுல, ஆண்டவருதான் நம்மளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, நமக்குத்தான் காது கேக்கலைன்னாக. எல்லா எடத்துக்கும் நான்தான் மைக்செட்டு."

"உங்களுக்கு எது சரின்னு படுதுண்ணே?"

"வயரு அறுந்தா மூணு எடத்துலயும் என்னையத்தான் கூப்பிடுறாக," என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "எங்கன கட்டுனாலும் ஒண்ணை மட்டும் இப்பிடி ஆளில்லாத பக்கம் திருப்பிருவேன் தம்பி. யாராச்சும் இருந்தாகன்னா கேக்கட்டும்," என்றார்.

இறங்கி வந்து பாட்டைப் போட்டார். நாங்கள் எல்லோரும் பந்தலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மலைப் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். கொஞ்சம் பொறுத்து, அங்கிருந்து பாட்டு மெலிதாகத் திரும்பி வந்தது.

அவர் எந்த மதம் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். "எதிரொலிதானே அண்ணே?" என்றுதான் வந்தது.

"ஆமா தம்பி," என்றார், காதைத் திருப்பாமலே. "இன்னைக்கு வரைக்கும் எதிரொலிதான்."