உடன் இருப்பவருக்கு ஒரு ஜோடி செருப்பு

பேருந்து நிலையத்தில் எல்லாரும் அவளைக் "காணோம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் உட்காரும் இடம் தொலைந்த பொருள் அறை. அந்த ஜன்னலுக்கு வருகிற யாரும் வணக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குடையைக் காணோம், கண்ணாடியைக் காணோம் என்றுதான் வருவார்கள். ஒருதடவை ஒரு மாமனார் மருமகனையே காணோம் என்று வந்து நின்றார். அந்த மருமகன் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைக்கிற எண்ணமே அவனுக்கு இல்லை என்று பிறகு தெரிந்தது.

எட்டு வருஷமாக அதே நாற்காலி. மூன்று சுவரிலும் இரும்பு அலமாரி. வெயில் காலத்திலும் நனைந்த குடை வாசனை. வந்து சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் நூல் கோத்த ஓர் அட்டை உண்டு. எந்த வண்டி, எந்தத் தேதி, எந்த சீட்டுக்கு அடியில் என்று எழுதிக் கட்டிவிட வேண்டும். பை என்றால் விதி வேறு. தனி ஆள் திறக்கக் கூடாது. இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார், மற்றவர் எழுதுவார்.

அப்படி நூற்றுக்கணக்கான பைகளைத் திறந்தவள் அவள். உள்ளே பார்த்தாலே ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். பல் துலக்குகிற பிரஷ் இரண்டு இருந்தால் குடும்பஸ்தர். ஒன்று இருந்தால் தனி ஆள். ஒரு பிரஷும் புதுசாக ஒரு சென்ட் பாட்டிலும் இருந்தால், அந்தப் பையைக் கேட்டு யாரும் வரப் போவதில்லை, வீட்டில் மாட்டிக்கொள்வார் என்பாள். சொன்னபடியே நடக்கும்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு, தன் பிரசவப் பையைக் கட்டும்போதுதான் கை ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு என்று ஒரு பத்தி: முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பேட் இரண்டு பாக்கெட், டவல், பிளாஸ்க், ஸ்கேன் எடுத்த சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, போன் சார்ஜர். குழந்தைக்கு என்று ஒரு பத்தி: துவைத்துக் காயவைத்த பருத்தித் துணி, தொப்பி, காலுறை, சின்னப் போர்வை. இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எது எப்படித் தொலையும் என்று தெரிந்தவள் அல்லவா? காலுறைகளை ஜோடி ஜோடியாக நூலால் கட்டினாள். தொப்பிக்குள் தொப்பி வைத்தாள். சீட்டுகளைத் தாளோடு சேர்த்து வெளி ஜிப்பில் போட்டாள். குழந்தை வெளியே வருவதற்குள் அதன் சாமான் ராணுவ ஒழுங்குக்கு வந்துவிட்டது.

மூன்றாவது பத்திக்கு வந்தபோது பேனா நின்றது. உடன் இருப்பவருக்கு: போர்வை ஒன்று, மாற்று உடை, டம்ளர், வார்டுக்குள் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு ஒரு ஜோடி. அதற்குக் கீழே மூன்று கோடு. பெயர். உறவு. போன் நம்பர்.

வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். ஏழு மாசத்துக்கு முன்னால் ஏறினார், இறங்க இன்னும் இரண்டு மாசம். துறைமுகம் வந்தால் போன் வரும். மூன்று நிமிஷம் கிடைக்கும். அதில் ஒரு நிமிஷம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும். மிச்ச இரண்டு நிமிஷத்தில் மூன்றாவது பத்தியைப் பற்றிப் பேசினால் மனிதர் அடுப்படியில் நின்று அழுவார் என்று அவள் பேசவில்லை. அம்மா போய் ஆறு வருஷம். சித்தி ஒருத்தி இருந்தாள், வருகிறேன் என்றும் சொல்லியிருந்தாள். ஆனால் சித்தியின் சொந்த மருமகளுக்கும் அதே மாசம்தான் தேதி.

"உனக்கென்னடி, நீ தைரியசாலி, சமாளிச்சுக்குவே" என்றாள் சித்தி.

தைரியசாலி என்று யாராவது சொன்னால் உஷாராகிவிட வேண்டும். அவர்கள் கழன்றுகொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அப்படியும் மூன்றாவது பத்தியை அவள் விட்டுவிடவில்லை. கடைக்குப் போனாள்.

"யாருக்கும்மா செருப்பு? என்ன சைஸ்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஏழு" என்றாள். ஏழு என்றால் ரொம்பப் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. வருகிறவள் யாராக இருந்தாலும் பெரிசாகத் தப்பாகாது. மாற்று உடைக்கு வாங்கிய நைட்டியும் அதே கணக்குத்தான். எல்லாருக்கும் பொருந்துகிற நிறமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். யாருக்குமே பொருந்தாத மண் நிறத்தில் வந்து முடிந்தது.

பை நீல நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. ஊரில் பாதிப் பேரிடம் அதே பைதான். அவள் அலமாரியிலேயே நாலு கிடந்தன. "பை மேல பேரு எழுத மாட்டீங்களா? எழுத்துக் கூலி கேக்குறாங்களா?" என்று தினமும் நாலு பேரைத் திட்டுகிறவள், தன் பையில் தொங்கிய அட்டையை எழுதாமலே விட்டிருந்தாள். சோம்பேறித்தனம் இல்லை. முதல் வரியில் பெயர். இரண்டாவது வரியில், தொலைந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இரண்டையும் ஒன்றாக எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

முப்பத்தெட்டாவது வாரம் பையைத் தினமும் வேலைக்கே கொண்டுவர ஆரம்பித்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கம். தரையில் குழாய் கசிவு, அதனால் அலமாரியின் நடுத் தட்டில் வைத்தாள்.

அன்றைக்குக் காலையில் விசில் வந்தாள். விசில் நடத்துநர். வாயில் விசில் இல்லாதபோதும் அதே சத்தம்தான், அதனால் அந்தப் பெயர். காணோத்தைவிடப் பத்து வயசு மூத்தவள். இரண்டு பேருக்கும் எட்டு வருஷமாக ஒரே சண்டை. விசில் தன் வண்டியில் கிடைத்ததைக் கொண்டுவந்து ஜன்னலில் தொப்பென்று போடுவாள், படிவத்தை மட்டும் ஒழுங்காக நிரப்ப மாட்டாள்.

"விசிலக்கா, குடைன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. நிறம்?"

"குடை நிறம்."

"அப்படி ஒரு நிறமே கிடையாது."

"மழைல பிடிச்சா எல்லாம் ஒரே நிறந்தான்டி. போடு உள்ளே." அன்றைக்குக் குடையோடு ஒரு நீலப் பையும் இருந்தது. அதையும் தள்ளினாள். "கடைசி சீட்டுல கிடந்துச்சு. மதியம் வந்து திறந்து எழுதறேன், இப்ப ட்ரிப் இருக்கு." காணோம் அதையும் நடுத் தட்டில் வைத்தாள். போகத் திரும்பிய விசில் நின்றாள். "ஆமா, தேதி வந்துருச்சே. கூட யார் இருக்கப் போறாங்க?"

"சித்தி."

"எப்ப வர்றாங்க?"

"நாளைக்கு."

"வயித்துக்குள்ள இருக்கறது நாளைக்குன்னு காத்துட்டு இருக்குமா என்ன" என்று சொல்லிவிட்டு விசில் போய்விட்டாள்.

அது காத்திருக்கவில்லை. பதினோரு மணிக்கு இடுப்பில் ஒரு வலி வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது. மூன்றாவது வலியில் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. சாவியை விசாரணை ஜன்னல்காரரிடம் கொடுத்தாள். நடுத் தட்டிலிருந்து நீலப் பையை இழுத்துக்கொண்டு டாக்சியில் ஏறினாள். பை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குக் கைக்குட்டைகூடக் கனமாகத்தான் இருந்திருக்கும்.

ஆறாம் நம்பர் கட்டில். நர்ஸ் தாளும் கையுமாக வந்தார். கண்ணாடி மூக்கு நுனியில், குரல் மட்டும் மெத்தென்று.

"கூட வந்தவங்க எங்கேம்மா?"

"வந்துட்டு இருக்காங்க."

"சரி. முதல்ல நைட்டியை மாத்திக்கோ." நர்ஸ் பையின் ஜிப்பைத் திறந்தார். ஒரு சிவப்புப் பனியன் வந்தது. முதுகில் ஏழு என்று எழுதியிருந்தது. அடுத்து இன்னொன்று, நாலு. அப்புறம் ஒன்பது. மொத்தம் பதினொன்று வந்தன. அடியில் முட்டி வரை வரும் காலுறைகளும், பந்துக்குக் காற்றடிக்கிற பம்பும்.

நர்ஸ் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்னம்மா இது, ஒரு டீமையே பெத்துக்கப் போறியா?"

பக்கத்துக் கட்டிலில் மருமகளுக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்த மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். மருமகளும் வலியோடு சிரித்தாள். காணோமும் சிரித்தாள். ஊர்ப் பொருளை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தவள், தன் பையை விட்டுவிட்டு யாரோ தொலைத்த பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே, சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் அந்தச் சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கண் வழியாக இறங்க ஆரம்பித்தது. வலி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று.

நர்ஸ் ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்து மாற்றிவிட்டார். "வர்றவங்களுக்குப் போன் போடும்மா. வரும்போது உன் பையை எடுத்துட்டு வரட்டும்."

போனில் சார்ஜ் தீர்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. சார்ஜர் அந்தப் பையில். அதை அவள் சொல்லியிருக்கலாம். நர்ஸ் தன் போனைக் கொடுத்திருப்பார். கொடுத்தால் யார் நம்பரைப் போடுவது?

அதனால் அவள் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி, நான்தான். ம். ஆமா, சேர்த்துட்டாங்க. பையை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்." கொஞ்ச நேரம் நிறுத்தினாள், எதிர்ப்பக்கம் பேச இடம் விட வேண்டும் அல்லவா? "இல்ல, இல்ல. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா வாங்க. படி ஏறும்போது பாத்து."

வராத சித்திக்கு முட்டி வலி வேறு கொடுத்திருந்தாள் போலிருக்கிறது.

நர்ஸ் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் போனை இறக்கியபோது அதன் கறுப்புக் கண்ணாடி அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவர் வந்து தலையணையைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. பக்கத்துக் கட்டில் மாமியார் தன் மருமகளுக்குக் கொடுத்த வெந்நீரில் இவளுக்கும் அரை டம்ளர் கொடுத்தார். "உங்கவங்க வரலையா இன்னும்?" என்றார். "பஸ் லேட்டு" என்றாள். தன் வாழ்நாளில் பஸ்ஸின் மேல் அவள் சொன்ன முதல் பொய். வலி வரும்போதெல்லாம் கட்டில் கம்பியைப் பிடித்தாள். கம்பி குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் விட்ட பிறகு, தன் கைச்சூடு அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

இரண்டரை மணிக்கு வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. வார்டு முழுக்கத் தலை தூக்கியது.

"ஆறாம் நம்பர் எங்கே இருக்கு? ஏய் காணோம்."

விசில். காக்கிச் சட்டை, தோளில் நீலப் பை. அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

"பொண்ணுங்க பந்து விளையாடற பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து குதிக்கறாங்க, ரெண்டு மணிக்கு மேட்ச்சாம், பையைக் காணோமாம். தட்டுல நீலமா ஒண்ணு இருந்துச்சு. அட்டைல ஒரு எழுத்து இல்ல. விதிப்படி ரெண்டு பேர் வேணும்ல? விசாரணைக்காரர் எடுத்து வாசிச்சார், நான் எழுதினேன்." சிவப்புப் பனியன்களைப் பார்த்தாள். "இங்கே இருக்கா. டீச்சர் வாசல்ல நிக்கறாங்க. பாவம், பிள்ளைங்க பள்ளிக்கூட உடுப்போட ஆடுதுங்க. ரெண்டு கோல் வாங்கிட்டாங்களாம். எல்லாம் உன்னாலதான்."

சொல்லிக்கொண்டே ஒரு படிவத்தை அவள் மடியில் போட்டாள். காணோம் பார்த்தாள். எட்டு வருஷத்தில் முதல்தடவையாக விசில் படிவத்தை முழுசாக நிரப்பியிருந்தாள். நிறம் உட்பட.

தொப்பி, மஞ்சள், இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. காலுறை, வெள்ளை, மூன்று ஜோடி, நூல் கட்டியது. நைட்டி, மண் நிறம், புதுசு, பிரிக்கவில்லை. செருப்பு, ஏழு, விலைச்சீட்டு கிழிக்கவில்லை. டம்ளர், ஒன்று. தாள் ஒன்று, அதில் உடன் இருப்பவர் பெயர் எழுதவில்லை, உறவு எழுதவில்லை, நம்பர் எழுதவில்லை.

ஒரு பையைப் பார்த்து ஆளைச் சொல்வது காணோத்துக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று யார் சொன்னது?

அவள் தலையைத் தூக்கவில்லை. சித்தி எங்கே என்று விசில் கேட்பாள் என்று காத்திருந்தாள். விசில் பேனாவை நீட்டினாள்.

"பொருளைச் சரிபார்த்து வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடு. அப்புறம் என்மேல பழி வரக் கூடாது."

வலிக்கும் வலிக்கும் நடுவில் கையெழுத்துப் போட்டாள். கோணலாக விழுந்தது.

"கோணலா இருக்கு" என்றாள் விசில்.

நர்ஸ் வந்தார். "வந்துட்டாங்களா? நல்லது. பேர் சொல்லுங்க, எழுதணும். என்ன உறவு?"

"எட்டு வருஷமா தினமும் சண்டை போடறோம். அதுக்கு என்ன எழுதுவீங்க?"

நர்ஸ் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். "அக்கான்னு எழுதிக்கறேன்."

"எழுதுங்க."

"ராத்திரியும் இருக்கணும். முடியுமா?"

"மாத்தாள் போட்டாச்சு. நாளைக்கு மதியம்தான் ட்ரிப்." விசில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். பையிலிருந்து செருப்பை எடுத்து, விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள். காலை நுழைத்தாள். குதிகால் இரண்டு விரற்கடை வெளியே நின்றது.

"என்னடி இது, சின்னதா வாங்கியிருக்கே. எனக்கு ஒன்பது."

"உங்களுக்குன்னா வாங்கினேன்?"

"பின்ன யாருக்கு வாங்கினே?"

காணோம் வாயைத் திறந்தாள். யாருக்கு வாங்கினாள்? அதற்குள் பெரிய வலி வந்துவிட்டது. பிடிக்கக் கம்பியைத் தேடிய கையில் காக்கிச் சட்டையின் முழங்கை அகப்பட்டது. அது குளிர்ச்சியாக இல்லை.

"பிடி, பிடி. பஸ்ல ஊர்ப்பட்ட கூட்டம் தொங்குற கைதான் இது" என்றாள் விசில்.

நாலு மணிக்குக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் உடன் இருப்பவருக்கு அனுமதி இல்லை. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விளக்கு, பச்சைத் துணி, யார் யாரோ. மூச்சை இழு, விடு என்றார்கள். அவள் இழுத்தாள், விட்டாள். நடு நடுவே அவர்கள் பேச்சு ஓயும்போதெல்லாம் வெளியே அது கேட்டது. அளவு பத்தாத செருப்பு, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, பட், பட், பட் என்று. திரும்பும் இடத்தில் கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி வரும்.

நின்றுவிடுமோ என்று அவள் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டாள். அது நிற்கவே இல்லை.